பச்சைப் பெட்ரோல்

ஆனி 5, திங்கள்
அனல். ஆவடிப் பக்கம் ஒரு இலை ஆடவில்லை. பெட்ரோல் டிரம் கொட்டகையில் நெடி, தலைவலி. என்னை இங்கே தள்ளியவன், என்னோடு எஞ்சின் வேலை பார்த்த மாணிக்கம். போன மழைக்கு, தண்ணீரைப் பிரிக்கும் தோலில் வடிகட்டாமல் பெட்ரோல் ஊற்றியது அவன். தண்ணீர் போய் எஞ்சின் நின்று, நம் சின்ன விமானம் பருத்திப்பட்டு ஏரிச் சேற்றில் இறங்கியது. விமானம் ஓட்டும் தொரையிடம், ஊற்றியது நான் என்று சொன்னான். எஞ்சின் வேலை போச்சு எனக்கு. விளங்குவானா அவன்?

ஆனி 7, புதன்
சோப்பு, விளக்குத் திரி வாங்க வேண்டும்.
மாணிக்கம் கொட்டகைக்கு வந்தான். சாதா பெட்ரோல் வேண்டாமாம், ராணுவத்துப் பச்சைப் பெட்ரோல்தான் வேண்டுமாம். "சண்டை பிளேனுக்கே இத்தத்தான் ஊத்துறான் மாமே."
பெரிய எஞ்சினுக்குச் சரி. நம்முடையது பழசு, சின்னது. பச்சையில் ஈயம் உண்டு, வால்வை அரித்துவிடும். அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. டிரம்மை நானே உருட்டிக் கொடுத்தேன். வயிறு குளிர்ந்தது.

ஆடி 4, வியாழன்
எஞ்சின் இருமுகிறது. பறக்க விடாமல் நிறுத்தியாச்சு. மாணிக்கம் பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு, சரியாச்சு என்கிறான். ஆள் இல்லாதபோது விமானத்தின் மூக்கு விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஒரு சிலிண்டரில் காற்றுப் பிடிப்பே இல்லை. வால்வு காலி.
சனிக்கிழமை தொரை ஓட்டிப் பார்ப்பார். சரி என்று சொன்னவன் முன் இருக்கையில் உட்கார வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். உட்காரட்டும். தொரையும் கூடத்தான் போவார். அன்று என்னை விசாரித்தாரா?

ஆடி 5, வெள்ளி
காற்று. புழுதி. சோறு இறங்கவில்லை.
மாணிக்கம் மஞ்சள் துணியில் வந்தான், கையில் காப்பு. அம்மனுக்குத் தீ மிதிக்கிறானாம். "உன் மேல பழி போட்டுகினு நெருப்புல எறங்க பயமா கீது மாமே. தொரைகிட்ட எல்லாம் சொல்லிட்டேன்."
எஞ்சின் வேலை மறுபடி எனக்கு. நாளை முன் இருக்கையும் எனக்கே, மரியாதையாம்.
பாவி. ஒரு மாதம் முன்னால் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எதற்கென்றுதான் தெரியவில்லை.

ஆடி 6, சனி
வெயில் இல்லை. மாணிக்கம் முன் இருக்கையைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். தொரை தொப்பி மாட்டிவிட்டார். நான் ஏறவில்லை. வால்வு போய்விட்டது, பச்சைப் பெட்ரோல்தான் காரணம் என்றேன்.
மாணிக்கம் காப்புக் கட்டிய கையால் விசிறியைச் சுற்றினான். பிடிப்பில்லை. டிரம்மைப் பார்த்தான். பிறகு என்னை.
"உனுக்கு எப்பலேருந்து தெரியும்?"