தங்கச்சி என்று அழைத்த குற்றம்

அனுப்புநர்
டோன் தி லூவா (வயது 44),
விருந்தினர் குறைதீர்ப்புப் பிரிவு ஊழியர்,
நீலக்கரை விடுதிப் பதிவு நிறுவனம்.
வீடு: மீன்சந்தைப் பின்சந்து, ஆன் ஹாய், தா நாங்.

பெறுநர்
ஆய்வாளர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்,
தா நாங்.

பொருள்: சக ஊழியரைத் 'தங்கச்சி' என்று அழைத்ததற்காக என்னைப் பணிநீக்கம் செய்ய எடுக்கப்படும் நடவடிக்கையை நிறுத்தி வைத்து, நேரில் விசாரிக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: விளக்கம் கேட்டு நிறுவனம் எனக்கு அனுப்பிய கடிதம், நாள் ஜூன் 3.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒரு மன்னிப்பு. உங்களை எப்படி விளிப்பது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டேன். வயது தெரியாமல் நம் மொழியில் யாரிடமும் வாயைத் திறக்க முடியாது என்பது ஐயாவுக்கும் தெரிந்ததே. உங்கள் அலுவலக வாசல் காவலரிடம் கேட்டேன். "அவரு உங்களைவிடச் சின்னவருதான்க்கா. முடி கொட்டினதைப் பாத்து ஏமாந்துடாதீங்க" என்றார். அவர் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம், உதவி செய்யத்தான் சொன்னார். சின்னவரானாலும் அரசு நாற்காலிக்கு ஐயா என்பதே முறை என்று முடிவு செய்து எழுதுகிறேன். என் புகாரும் இந்தத் தடுமாற்றத்தைப் பற்றியதுதான்.

2. நான் மேற்படி நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அறை பதிவு செய்த விருந்தாளிக்கு அறை இல்லை, தண்ணீர் வரவில்லை, கடல் தெரியவில்லை என்றால் அவர் திட்டுவதற்கு ஒரு காது வேண்டும். அந்தக் காதுகள்தான் எங்கள் பிரிவு. முன்பெல்லாம் புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே பிறந்த வருடத்தைக் கேட்டுவிடுவோம். யார் அக்கா, யார் அண்ணன், யார் தம்பி என்பது அன்றே முடிவாகிவிடும். அதில் எல்லாமே இனிப்பாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. புத்தாண்டு நாள் வேலை எப்போதும் கடைசித் தம்பி தலையில்தான் விழும். என் தேநீர்க் கோப்பையைப் பல வருடங்கள் நான் கழுவியதில்லை. இதை மறைத்தால் பின்னால் வேறு யாராவது உங்களிடம் சொல்வார்கள்.

3. சென்ற ஆண்டு நிர்வாகம் கைமாறியது. பண்பாட்டு அலுவலர் என்ற புதிய பதவிக்கு க்வான் என்பவர் வந்தார். இருபத்தொன்பது வயது, நல்ல படிப்பு, நல்ல சட்டை. முதல் கூட்டத்தில் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "முந்தின கம்பெனியில மூணு வருஷம் எல்லாருக்கும் நான் தம்பி. பீர் ஊத்துறதும் தம்பி, திட்டு வாங்குறதும் தம்பி, அண்ணன் பண்ணின தப்புக்குப் பழி ஏத்துக்கிறதும் தம்பி. இங்க இனிமே யாரும் தம்பி கிடையாது. எல்லாரும் நண்பர்." சொல்லும்போது அவர் குரல் லேசாக உடைந்தது. நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன், மனதாரத்தான் தட்டினேன்.

4. அதன்பின் விதி வந்தது. அண்ணன், அக்கா, தம்பி, தங்கை, அத்தை, மாமா ஆகிய சொற்கள் அலுவலகத்திற்குள் கூடாது. பெயர் சொல்லி, முன்னால் 'நண்பர்' என்று சேர்க்க வேண்டும். தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். ஐயா, நம் வீடுகளில் 'நான்' எப்போது வரும் என்று யோசித்துப் பாருங்கள். "அக்கா சொல்றேன் கேளு" என்று பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று "நான் சொல்றேன்" என்றால், சோற்றுத் தட்டு பறக்கப் போகிறது என்று அர்த்தம். எங்கள் தொலைபேசிக் கூடத்தில் இப்போது எல்லோரும் நாள் முழுக்க 'நான்' என்கிறார்கள். யாருக்குக் கோபம், யாருக்குக் கோபமில்லை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் அதையே நினைத்துக் கிடக்கிறேன். அவன் அப்படிச் சொன்னது எதற்கு, நான் ஏதாவது தப்பாகச் சொன்னேனா, இப்படியே போகிறது.

பழக்கம் விடவில்லை. "அக்…" என்று ஆரம்பித்து விக்கல் வந்தவர்போல நிறுத்தி "நண்பர் லூவா" என்பார்கள். பிறகு அதுவும் வேண்டாமென்று மொட்டையாகப் பேசத் தொடங்கினார்கள். "அது முடிஞ்சுதா?" "அனுப்பியாச்சா?" யாரைக் கேட்கிறார்கள் என்று நான்கு பேர் திரும்பிப் பார்ப்போம். மாதக் கடைசியில் பெயர் போடாமல் ஒருவருக்கொருவர் நட்சத்திரம் இட வேண்டும், ஒரு வரி கருத்தும் எழுத வேண்டும். மின்தூக்கி அருகே திரையில் அது ஓடும். 'லூவா சில நேரம் அம்மாவைப் போல நடக்கிறார்' என்று ஒரு வரி ஓடியது. அது பாராட்டா குறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாப்பாட்டு வேளையில் புளிப்பு மாங்காயை மிளகாய் உப்பில் தொட்டு ஒரே தட்டில் தின்றவர்கள் இப்போது ஆளுக்கொரு மூலை.

இதே க்வான் எதிர்ப்புற நூடுல்ஸ் கடையில் "அத்தை, எனக்குக் காரம் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க" என்று கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அவரைக் காட்டிக் கொடுக்க இதைச் சொல்லவில்லை. அந்த அத்தை அவருக்குக் கூடுதலாக ஒரு முட்டை வைத்தாள், அதனால் சொல்கிறேன்.

5. இனிச் சம்பவத்திற்கு வருகிறேன். இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன்.

மே மாதக் கடைசியில், வாணவேடிக்கைத் திருவிழா தொடங்கிய சனிக்கிழமை. ஒரே அறையை இரண்டு பேருக்கு விற்றிருந்தது நிறுவனம், அதுவும் பல விடுதிகளில். தொலைபேசி ஓயவில்லை. எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்காருபவள் யென். இருபத்து நான்கு வயது, ஒப்பந்த ஊழியர். அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்தது நான்தான். அன்று அவள் அம்மாவிடமிருந்து கைபேசியில் செய்தி வந்தது. அப்பா படகிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார், தலையில் அடி, நினைவில்லை, பெரிய மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

புதிய முறைப்படி அவள் 'கைகொடு' என்ற பொத்தானை அழுத்தினாள். "நண்பர்களே, நான் கிளம்ப வேண்டும், என் அழைப்புகளை யாராவது ஏற்க முடியுமா" என்று எல்லோர் திரையிலும் வந்தது. விதிப் புத்தகத்தில் உள்ளபடி, யாருக்கும் யார் மேலும் தனிக் கடமை இல்லை, எல்லோருக்கும் எல்லோர் மேலும் அக்கறை உண்டு. விருப்பமுள்ளவர் ஏற்கலாம். ஒருவரும் ஏற்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல ஐயா. ஒவ்வொருவர் காதிலும் ஒரு விருந்தாளி கத்திக்கொண்டிருந்தார், வேறொரு நண்பர் ஏற்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் அழைப்பு முடிந்து நிமிர்ந்தேன். யென் பேசிக்கொண்டிருந்தாள். "மன்னிக்கணும் சார், இப்பவே வேற அறை பாத்துத் தர்றேன் சார்." கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, குரல் மட்டும் சிரிக்கிறது. குரலில் சிரிக்க எங்களுக்குப் பயிற்சி உண்டு. எழுந்து போய் அவள் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினேன். "தங்கச்சி, போதும், எந்திரி. அக்கா பாத்துக்கிறேன். அழுதுக்கிட்டே வண்டி ஓட்டாத. தம்பி டாட், இவளைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில விட்டுட்டு வாடா" என்றேன். பக்கத்து இருக்கை டாட் ஒரு பொத்தானையும் அழுத்தவில்லை. தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். வேலை முடியும்வரை ஒரு காதில் என் விருந்தாளி, மறு காதில் அவள் விருந்தாளி என்று இருவரையும் சமாளித்தேன்.

யென்னின் அப்பா பிழைத்துக்கொண்டார். இப்போது கோலூன்றி நடக்கிறார்.

6. ஜூன் 3-ஆம் தேதிக் கடிதத்தில் என் மேல் சொல்லப்பட்ட குற்றங்கள்: (அ) மூத்தவர் என்ற நிலையை நிறுவும் உறவுச்சொற்களைப் பலர் முன்னிலையில் பயன்படுத்தியது. (ஆ) சக ஊழியர்களுக்கு ஆணையிட்டது. (இ) அனுமதியின்றிச் சக ஊழியரின் கருவியைத் தொட்டது. மூன்றும் உண்மை. எதையும் மறுக்கவில்லை.

ஆனால் அதோடு யென்னின் வாக்குமூலம் ஒன்றையும் இணைத்திருக்கிறார்கள். 'தங்கை என விளிக்கப்பட்டதன் வாயிலாக நான் சிறுமைப்படுத்தப்பட்டதாக உணர்ந்தேன்' என்று அதில் இருக்கிறது. கீழே அவள் கையெழுத்து. கையெழுத்து அவளுடையதுதான், வாக்கியம் அவளுடையது அல்ல. யென்னுக்கு என் மேல் கோபம் வந்தால் "போங்கக்கா" என்பாள். அதற்கு மேல் அவளுக்குத் திட்டத் தெரியாது. அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது, புதுப்பிப்பது க்வான் கையில் இருக்கிறது. வீட்டில் அப்பா கோலூன்றி நடக்கிறார். நான் அவள் இடத்தில் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

7. அவள் மேல் எனக்கு வருத்தமில்லை என்று மேலே எழுதிவிட்டு, இப்போது அடித்து எழுதத் தோன்றுகிறது. வருத்தம் இருக்கிறது. அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று இருக்கிறது. ஒருவேளை அந்த வாக்கியம் உண்மையாக இருந்தால்? அவ்வளவு பேர் முன்னால் குழந்தையைப் போல அவளை எழுப்பி அனுப்பியது அவளுக்கு வலித்திருந்தால்? க்வானுக்குத் தம்பி என்ற சொல் வலித்தது பொய்யில்லையே. அவளிடமே கேட்டுவிடலாம் என்றால், விசாரணை முடியும்வரை நாங்கள் பேசிக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு. இரண்டு இருக்கை தள்ளித்தான் இருக்கிறாள். வேலை நிமித்தம் ஏதாவது சொல்ல நேர்ந்தால் "நண்பர் லூவா" என்கிறாள், அதுவும் மேசையைப் பார்த்துக்கொண்டு.

சென்ற ஞாயிறு அவள் அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு பை காய்ந்த கணவாய். "மவ குடுத்துட்டு வரச் சொன்னா. அக்கா கோவிச்சுக்க வேணாம்னு சொல்லச் சொன்னா. எதுக்குடின்னா வாயைத் திறக்க மாட்டேங்குறா. நீங்களாச்சும் சொல்லுங்கம்மா, என்ன ஆச்சு?" என்றார். ஒன்றுமில்லை, வேலைப் பேச்சு என்று சொல்லி அனுப்பினேன். 'அக்கா' என்று மகள் சொன்னாளா, அம்மா தானாகச் சேர்த்துக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரவில்லை. அந்தக் கணவாயை நான் சான்றாக இணைக்கவில்லை. பாதிக்கு மேல் சாப்பிட்டாயிற்று.

8. ஜூன் 20-ஆம் தேதி ஒழுங்கு விசாரணை. அன்று என்னை அனுப்பிவிடுவார்கள் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்த வயதில் வேறெந்தத் தொலைபேசிக் கூடமும் என்னை எடுக்காது. அதிலும் 'சக ஊழியரைச் சிறுமைப்படுத்தியவர்' என்று எழுதிய தாளோடு போனால் பாத்திரம் கழுவக்கூட எடுக்க மாட்டார்கள்.

9. எனவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது:

தங்கள் விசாரணை முடியும்வரை ஜூன் 20 நடவடிக்கையை நிறுத்தி வைக்க உத்தரவிட வேண்டும். நண்பர் என்ற விதியை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. யார் யாருக்கு நண்பராக இருக்க விருப்பமோ இருக்கட்டும், க்வான் யாருக்கும் தம்பியாக இருக்க வேண்டாம். ஓர் ஆத்திர அவசரத்தில் வாயில் வந்த சொல்லைக் குற்றமாக்காமல் இருந்தால் போதும்.

யென்னைத் தங்கள் அறைக்குத் தனியாக அழைக்க வேண்டும். நிறுவனத்தார் யாரும் உடன் இருக்கக் கூடாது. அவள் சொல்வது எதுவும் அவர்கள் காதுக்குப் போகக் கூடாது, அவள் ஒப்பந்தத்திற்குச் சிறு கீறலும் விழக் கூடாது. இதற்கு உறுதி தர முடியாதென்றால், இந்த மனுவையே கிழித்துவிடுங்கள்.

அவளிடம் சம்பவத்தைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். கேட்டால் அழுவாள். நான் வெளியே உங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிடும்படி அவளிடம் சொல்லுங்கள், அது போதும். உங்கள் அறையில் நட்சத்திரம் இல்லை, திரை இல்லை. அவள் வாயில் எந்தச் சொல் வருகிறதோ அதையே என் வழக்கின் தீர்ப்பாக ஏற்றுக்கொள்கிறேன். 'நண்பர் லூவா' என்று வந்தால் அவளுக்கு வலித்தது உண்மை என்று எடுத்துக்கொண்டு, மனுவைத் திரும்பப் பெற்று, அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவேன்.

எந்தச் சொல்லால் கூப்பிட்டாலும் எழுந்து உள்ளே வருவேன்.

தங்கள் அழைப்பை எதிர்பார்த்து,
டோன் தி லூவா
(கையொப்பம்)

இடம்: தா நாங்
நாள்: ஜூன் 9

இணைப்பு: மேற்படி ஜூன் 3 கடிதத்தின் நகல்.