ஒரே பாவில் இரண்டு பாய்

பத்தமடை
1912 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை

என் அருமை மகன் தாஜ் முகம்மதுவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் அருளால் இங்கே நாங்கள் எல்லோரும் உண்டு உடுத்து, ஐந்து வேளையும் குனிந்து நிமிர்ந்து, நடமாட்டத்தோடு இருக்கிறோம், கடல் தாண்டி இருக்கும் உன் உடம்பையும் அவன் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று இன்று ஜும்ஆ தொழுகையிலும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ரங்கூனிலிருந்து நீ நம் தாவூதிடம் கொடுத்தனுப்பிய சாமான்கள் பத்திரமாக வந்தன. ரங்கூன் குடையை உன் உம்மா இதுவரை விரிக்கவில்லை, மழையில் நனைந்தால் கெட்டுப்போகுமாம், குடையை நனையாமல் காப்பாற்றிவிட்டு அவள் நனைந்துகொண்டு போகிறாள். ஐப்பசி மழை இந்த வருஷம் முந்திக்கொண்டது. ஆற்றில் ஊறப்போட்டிருந்த கோரையில் பாதியை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது, எவன் வீட்டுக்குப் பாயாகப் போகப் போகிறதோ. உம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, தைலம் தேய்த்தால் தேவலை என்கிறாள், தேய்ப்பதற்கு மட்டும் நேரமில்லை என்கிறாள்.

உன் தங்கச்சி சபீதாவுக்கு மேலப்பாளையத்தில் பெண் குழந்தை பிறந்ததை முன்னமே எழுதியிருந்தேன், போன மாதம் நாற்பது கழித்துத் தொட்டிலில் போட்டார்கள். நாங்கள் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தோம். நம் வீட்டுப் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே, பிள்ளைக்கு முதல் முதலாகக் கொடுப்பது கடைச் சரக்காக இருக்கக் கூடாது. உம்மா தன் கல்யாணச் சேலையின் சரிகையைப் பிரித்துக் குழந்தைக்குத் தொப்பி தைத்திருந்தாள், உன் மனைவி மஹ்மூதா பனங்குருத்தில் கிளிகள் பின்னித் தொட்டில் கம்பில் தொங்கவிட்டாள், நானும் உன் மகன் சேகு மதாரும் சேர்ந்து ஓலையில் ஒரு கிலுகிலுப்பை முடைந்து உள்ளே கூழாங்கல் போட்டோம். உன் மகன் அதைக் குழந்தையின் காதருகே கொண்டுபோய் ஆட்டிய ஆட்டில் அது வீறிட்டு அழுதது, சம்பந்தி வீட்டார் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். மஹ்மூதாவும் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். தாவூது ஊருக்கு வந்த அன்று சாமான்களைக் கொடுத்துவிட்டு உடனே எழுந்து போகவில்லை. உம்மா கொடுத்த காப்பித் தண்ணியைத் தொடாமல் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என்னலே, கப்பல் ஆட்டம் இன்னும் தீரலையா என்று கேட்டேன். பெரியவாப்பா, நான் சொல்லாட்டாலும் நாளைக்கு வேற எவனாவது சொல்லுவான், தாஜு அங்கன நிக்காஹ் முடிச்சிருக்கான், ஒரு ஆம்பளப் பிள்ளையும் இருக்கு, நல்லா ஓடி விளையாடுது என்றான். பிள்ளைக்கு என்ன பெயர் என்று என் வாயில் முதலில் வந்தது அதுதான், ஏன் அதைக் கேட்டேனோ தெரியாது. சின்னவன்னுதான் கூப்பிடுதாவ, பேரு கேக்கல என்றான். உம்மா நெல் குதிர் இருக்கும் அறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மஹ்மூதா அப்போது ஆற்றுக்குப் போயிருந்தாள். இது நம் மூன்று பேரோடு போகட்டும் என்று தாவூதிடம் கேட்டுக்கொண்டேன், அவனும் சத்தியம் செய்தான், ஆனால் ரங்கூனிலிருந்து வந்தவன் அவன் ஒருவன்தானா. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா.

அன்றிலிருந்து நானும் உம்மாவும் வீட்டுக்குள்ளே வேஷம் கட்டினோம். மஹ்மூதா இருக்கும்போது உன்னைப் பற்றி எப்போதும் போலப் பேசுவோம், தாஜுக்கு இந்தக் குழம்பு பிடிக்கும், தாஜு இப்போது என்ன செய்துகொண்டிருப்பான் என்று, பேசிவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் எழுந்து போய்விடுவோம். இதற்கிடையே சேகு மதாருக்குச் சுன்னத் கல்யாணம் முடிக்க வேண்டிய வயது வந்துவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து முஹர்ரம் பிறப்பதற்குள் வைத்துவிடலாம் என்று பள்ளிவாசல் லெப்பையிடம் பேசினேன். அதற்குப் பாய் நெய்ய வேண்டுமே. சுன்னத்துக்கு உட்காரும் பிள்ளைக்குப் பெற்றவள் தன் கையால் நெய்து, நடுவில் பிள்ளையின் பெயரை எழுத்தாக எடுத்து, குதிரையில் ஊர்வலம் போய் வந்ததும் அந்தப் பாயில்தான் மாலையும் கழுத்துமாக உட்கார வைக்க வேண்டும். நீ உட்கார்ந்த பாய் இன்னும் பெட்டியில் இருக்கிறது, உன் பெயரில் சிவப்பு மங்கவே இல்லை, உம்மா அந்த நாளில் சாயத்தை அப்படிக் காய்ச்சியிருக்கிறாள்.

மஹ்மூதா நூலை நீளவாக்கில் இழுத்துக் கட்டிப் பாவு போட ஆரம்பித்தாள். நான் சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் நூல் முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு நீளம் எதற்கு, இத்தனை வருஷம் கோரையோடு கிடந்தவளுக்கு அளவு கூடவா மறந்துபோகும் என்று எனக்குக் கோபம் வந்தது. என்ன மஹ்மூதா, பிள்ளையோட குதிரையையும் சேத்து உக்கார வைக்கப் போறியா என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் முடிச்சைப் போட்டுக்கொண்டே, ரெண்டு பாய் மாமா என்றாள். ரெண்டாவது யாருக்கு என்றேன். அங்கன இருக்க பிள்ளைக்கு என்றாள். மகனே, அந்த இடத்தில் நீ இருந்திருக்க வேண்டும். உம்மா முறத்தோடு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உனக்கு எப்பம் தெரியும் என்று அவள்தான் கேட்டாள். ஆத்துல கோரை அலசையில சொன்னாவ மாமி, நான் நம்பல, வீட்டுக்கு வந்தா நீங்க ரெண்டு பேரும் என் மொகத்தப் பாக்காமலே பேசிக்கிட்டு இருந்திய, அப்பம்தான் நெசம்னு தெரிஞ்சுது என்றாள். நாங்கள் அவளிடம் மறைத்தோம், அவள் எங்களுக்காக மறைத்திருக்கிறாள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் பள்ளிவாசலுக்குப் போய், தொழுகைக்குக் கைகால் கழுவும் ஹவுள் கரையில் உட்கார்ந்திருந்தேன்.

உம்மாவுக்கு அடுத்த நாள்தான் கோபம் வந்தது, உன் மேல் வர வேண்டிய கோபம் மஹ்மூதா மேல் வந்தது. சக்களத்தி பெத்த பிள்ளைக்கு எம் முற்றத்துல பாயா, அறுத்து எறி என்று கத்தினாள். பாயில உக்காரப் போறது பிள்ளை மாமி, அது என்ன தப்பு செஞ்சுது என்று மஹ்மூதா கேட்டாள், குரலை உயர்த்தவில்லை, அச்சை இழுத்து அடித்துக்கொண்டே கேட்டாள். உம்மா இரண்டு நாள் பாவுப் பக்கமே போகவில்லை, பிறகு தானே போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கோரை எடுத்துக் கொடுக்கிறாள். இன்னும் உன் பெயரை அவள் வாயால் சொல்லவில்லை, அதையும் நீ தெரிந்துகொள்.

சேகு மதாரின் பாய் முடிந்துவிட்டது. கையில் எடுத்தால் பட்டுத் துணி மாதிரி மடியும், அப்படி ஒரு நெசவை இந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை. ஆனால் அதை அறுத்து எடுக்க முடியாது, இரண்டும் ஒரே பாவு அல்லவா, முதலாவதை அறுத்தால் மிச்ச நூல் தொய்ந்துபோகும், மறுபடி இழுத்துக் கட்டினால் ஓரம் கோணும். இரண்டாவது பாய் கரை முடிந்து பூ முடிந்து பெயர் வருகிற இடத்தில் நிற்கிறது. அந்த இடத்திலும் பூவையே போட்டு முடித்துவிடேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பேரில்லாம நெய்யுததுக்கு இது சந்தைப் பாயா மாமா என்று கேட்டாள். மழை விழும்போதெல்லாம் நானும் அவளும் ஓடிப்போய்க் கீற்றையும் சாக்கையும் போட்டு மூடுகிறோம். நீ செய்ததைக் கேள்விப்பட்டு அவள் அண்ணன் வண்டி கொண்டுவந்துவிட்டார், என் தங்கச்சியையும் பிள்ளையையும் அனுப்பி வையுங்க, இங்கன அவளுக்கு இனி என்ன இருக்கு என்றார். நியாயமாகத்தான் கேட்டார். பாவு அறுக்காம நான் எங்கயும் வரல என்று அவள் உள்ளேயிருந்து சொன்னாள். அவரும் திரும்பிப் போய்விட்டார். அறுத்த பிறகு போவாளா, இருப்பாளா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அதைக் கேட்கப் பயமாக இருக்கிறது.

உன் மகன் தினமும் நெய்து முடிந்த பாயில் படுத்து உருளுகிறான், தன் பெயரை விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டுகிறான். அந்தப் பக்கம் கிடப்பது யாருக்கு என்று கேட்டதற்கு, உன் தம்பிக்கு என்று அவள் சொல்லியிருக்கிறாள். தம்பி எப்பம் வருவான், அவனும் குதிரையில ஏறுவானா, நான் முன்னால அவன் பின்னாலயா என்று என்னிடம் வந்து கேட்டான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன், அப்போதுதான் காட்டியிருந்தேன்.

தாஜு, நான் உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, திட்ட வேண்டியதை எல்லாம் தனியாக இருந்து திட்டிவிட்டேன். மார்க்கம் அனுமதித்ததை மறுக்க நான் யார். ஆனால் அனுமதித்த மார்க்கமே இருவருக்கும் நீதமாக நடக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறதே, ஒருத்தியிடம் சொல்லாமலே இருப்பது எந்த நீதத்தில் சேர்த்தி. உன் கடிதங்கள் எல்லாம் என் பெயருக்கே வருகின்றன, அடியில் எல்லோருக்கும் ஸலாம் என்று ஒரு வரி இருக்கும், அந்த எல்லோரில் அவளும் ஒருத்தியாகக் கிடக்கிறாள். அங்கே இருக்கும் அந்தப் பெண்ணுக்கு என் ஸலாமைச் சொல், அவள் மேல் எனக்கு வருத்தமில்லை, இங்கே ஒரு வீடு இருப்பதை அவளுக்காவது சொன்னாயா என்பதுதான் என் கவலை. சொல்லாவிட்டால் இன்றே சொல். பிள்ளைக்குப் பனி படாமல் பார்த்துக்கொள், உனக்குச் சின்ன வயதில் நெஞ்சுச்சளி இருந்தது, அவனுக்கும் வரக்கூடும். கடைச் சோற்றை நம்பிக் கிடக்காதே, பஜ்ர் தொழுகையைத் தவறவிடாதே. நீயே வந்து பெரியவனைக் குதிரையில் ஏற்றி முன்னால் நடந்தால் ஊர் வாயும் அடங்கும், எங்கள் மனமும் ஆறும், கப்பல் தோதுப்பட்டால் வா. வர முடியாவிட்டால் அந்தக் குழந்தையின் பெயராவது வர வேண்டும். அது வராமல் இரண்டாவது பாய் முடியாது, அது முடியாமல் முதல் பாயை அறுக்க முடியாது, பாய் இல்லாமல் உன் மகனை உட்கார வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். லெப்பையிடம் நாள் பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நாள் குறிக்க வேண்டியது இனி நீதான்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், ஹலாலான வருமானத்தையும், நேரான புத்தியையும் தருவானாக. உன் இரண்டு பிள்ளைகளையும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களாக வளர்ப்பானாக, ஆமீன். உம்மா ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் நான் எழுதுவதைத் தெரிந்துகொண்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டுப் போகிறாள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் வாப்பா
முகம்மது இப்ராஹிம்

இதை மட்டும் மறந்துவிடாதே. அந்தப் பிள்ளையின் பெயரை எனக்கு எழுத வேண்டாம், தாவூதிடமோ வேறு யாரிடமோ சொல்லி அனுப்பவும் வேண்டாம். மஹ்மூதாவின் பெயருக்கு, உன் கையால் எழுது. அவளுக்கு வாசிக்கத் தெரியும். உன்னைப் பற்றி அவள் அடுத்தவர் வாயால் கேட்டது போதும்.