கூரையைத் தொடாத சுவர்

பொகவந்தலாவை,
ஞாயிறு பிற்பகல்.

அன்பு மகள் ஷிராணிக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் இருக்கிறோம், அங்கே பிரான்சில் உனக்கும் குளிரைத் தவிர வேறு குறை இருக்காது என்று நம்புகிறேன். இங்கே ஒரு கிழமையாக மழை, பஸ் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். நீ போனுக்கு அனுப்பிய சித்திர நாவலை பஸாரில் பிரின்ட் எடுத்து வந்து இரண்டு தடவை வாசித்தேன். ஆயுள் முழுக்கத் தமிழ் படிப்பித்தவனிடம் படக்கதையைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டிருக்கிறாய், சொல்கிறேன்.

முதல் தடவை எனக்கு எரிச்சல்தான் வந்தது. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிற பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை, என் பக்கங்களில் மட்டும் என் வாயிலிருந்து சொற்கள் கொட்டிக் கட்டத்தையே அடைத்துக்கொள்கின்றன, முகத்துக்கு இடமில்லை. இரண்டாம் தடவைதான் கவனித்தேன், மலையில் அவள் நிற்கும்போது கட்டத்துக்குக் கோடே கிடையாது, தாளின் வெள்ளையையே பனிமூட்டமாக விட்டிருக்கிறாய், லயத்து வீட்டுக்குள் வந்ததும் கட்டங்கள் சுருங்கி அவள் தோளை இடிக்கின்றன. எழுதுகிறவனுக்கு இதற்கு ஒரு அத்தியாயம் தேவைப்படும், நீ கோட்டைப் போட்டும் விட்டும் சொல்லிவிட்டாய். என்னைப் பற்றிச் சொன்னதும் புரிந்தது, பிடித்தது என்று சொல்லமாட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள என்னைய இவ்வளவு அழகா போட்டிருக்கு, ஒங்கள மட்டும் உள்ளபடியே போட்டிருச்சு" என்று சிரித்தாள்.

பதிப்பகத்தார் சம்மதம் கேட்கிறார்கள் என்று நீ எழுதியது கடைசிப் பக்கத்துக்கு. தாத்தாவின் அடக்கம் முடிந்து நானும் மைக்கல் சித்தப்பாவும் அடுத்தடுத்த லயக் காம்பரா வீடுகளுக்குள் போகிறோம், பக்கத்தை நடுவே பிளந்து அடியிலிருந்து உச்சி வரை ஒரு கறுப்புச் சுவர். நாங்கள் பேசாமலிருப்பதற்குக் காரணத்தை நீ போடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு வரவேண்டிய பள்ளிக்கூட அதிபர் பதவி வெளியாளுக்குப் போனபோது, தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்த என் கூடப்பிறந்தவன் ரோட்டு முனையில் நின்று அந்த ஆளுக்கு மாலை போட்டுப் பட்டாசு கொளுத்தி வரவேற்றான். அதை நான் மறக்கவில்லை, மறக்கிற எண்ணமும் இல்லை.

அம்மா என்னைக் கேளாமல் அந்தத் தாள்களைப் பக்கத்துக் காம்பராவில் மைக்கலிடம் கொடுத்துவிட்டாள். அன்று சாயந்தரம் அவன் ஒவ்வொன்றாகப் புரட்டுவது எனக்குக் கேட்டது. "அண்ணன் மூக்கப் பாரு, அச்சு அசலா இருக்கு, அது எங்கயாச்சும் எறங்கி வந்திருக்கா" என்று பெண்சாதியிடம் சொல்லிச் சிரித்தான். கடைசிப் பக்கத்தில் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து எனக்குக் கேட்கவேண்டுமென்றே குரலை உயர்த்தி, "அண்ணன் வேணாம்னா அந்தத் தாள எடுத்துறச் சொல்லு, புள்ள புஸ்தகத்துக்கு நம்ம சண்ட தடையா இருக்கக்கூடாது" என்றான். நான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினேன்.

உனக்குச் சொல்கிறேன், அந்தப் பக்கத்தை எடுக்காதே, எடுத்தால் புத்தகம் நிற்காது. எனக்குச் சம்மதம். ஆனால் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்து. சின்னதிலேயே உன்னை ஹட்டன் விடுதியில் சேர்த்துவிட்டதால் உனக்கு ஞாபகம் இல்லை, லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது, மேலே ஒரு முழம் வெளி இருக்கும். அவன் இருமல், என் ரேடியோச் செய்தி, கருவாடு பொரிக்கிற வாசம் எல்லாம் அந்த வழியாகத்தான் போய் வருகின்றன. நீ உச்சி வரை மை பூசியிருக்கிறாய். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். மேலே கொஞ்சம் வெள்ளைத் தாளை விடு.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, பூசைக்குப் போக முடியாவிட்டாலும் செபத்தை விடாதே. மாதா உன் கண்ணையும் கையையும் காக்கட்டும். புத்தகம் அச்சானதும் மறக்காமல் இரண்டு பிரதி அனுப்பு, ஒன்றில் சித்தப்பா பெயரை எழுது. கொண்டுபோய்க் கொடுக்க நான் அவன் வாசலுக்குப் போகமாட்டேன். ஸ்டூலில் ஏறினால் சுவருக்கு மேலால் எட்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
சூசைரட்ணம்