அண்ணனின் முறை

பெர்லின், மார்ச் 1946

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு மறுபடி வேலை கிடைத்திருக்கிறது. அமெரிக்கச் சிப்பாய்கள் ஆடும் கூடத்தில் கிதார் வாசிக்கிறேன்.

யூதர்கள் ஜாஸ் வாசிக்கக்கூடாதென்றவர்களே வதைமுகாமில் எங்களை வாசிக்க வைத்தார்கள். அங்கேயும் என் கிதார் முடிந்ததும் அண்ணனின் கிளாரினெட்தான். நேற்று அந்தப் பழக்கத்தில், என் முறை முடிந்ததும் அண்ணனுக்காக நிறுத்திவிட்டேன். குழுவே குழம்பி நின்றது.

“யாருக்குய்யா காத்திருக்க? வாசி,” என்றான் டிரம்ஸ்காரன்.

அந்த நிறுத்தமும் பாட்டில் உள்ளதென்று நினைத்து ஆடியவர்கள் கைதட்டினார்கள். “நல்லாருக்கே லோத்தார், தினமும் அங்கயே நிறுத்திடு,” என்றார் கூடத்து முதலாளி. சரி என்றேன்.

அண்ணனின் மேடைச் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை எனக்கு அனுப்பிவிடுங்கள் அண்ணி. எனக்குச் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்