விளையாட்டுக்கு ஓர் ஏலக்குரல்

சிங்கப்பூர்,
மார்ச் 2013

அன்புள்ள அப்பாவுக்கு லிஜாவின் தோத்திரம்.

தொண்டைக்கட்டு தேவலையா? மிளகுக் கஷாயம் குடிக்கிறீர்களா, அம்மாவை ஏய்க்கிறீர்களா? நான் நல்ல சுகம். போனில் "சோறு தின்னியா மக்கா?" என்று கேட்டதும் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இங்கே என்ன வேலை என்று அம்மாவிடம் கேட்டீர்களாமே. தேங்காய்ப்பட்டணத்தில் வள்ளக்காரருக்கும் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று நீங்கள் மீன் ஏலம் விடுகிறீர்கள். மொபைல் கேம் செய்கிறவர்களுக்கும் அதை வெளியிடும் எங்கள் கம்பெனிக்கும் நடுவில் நான் நிற்கிறேன். அவ்வளவுதான்.

போன வாரம் வியட்நாமிலிருந்து இரண்டு பேர் ஒரு மீன்பிடி கேமோடு வந்தார்கள். அதில் மீனைக் கடையில் சோப்பு விற்பதுபோல் ஒரே விலை போட்டு விற்கிறார்கள். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "ஏலம் வையுங்கள்" என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. தண்ணீர் பாட்டிலை நெய்மீனாக வைத்து, உங்களைப் போலவே கூவினேன். எல்லாரும் போட்டி போட்டு விலை கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் வாசலில் நின்ற யாருக்கோ தலையாட்டினார். நம் கரையில் தலையாட்டினால் விலை கேட்டதாகத்தானே அர்த்தம்? பாட்டிலை அவருக்கே முடித்துவிட்டேன்! அறையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே கேமை வெளியிட எடுத்துக்கொண்டார்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். உங்களுக்கு ஒரு வேலை மட்டும் இருக்கிறது. கேமுக்கு ஏலக்குரல் வேண்டுமாம். தம்பி ஜெனோவிடம் சொல்லி, நீங்கள் ஏலம் விடுவதைப் போனில் பதிந்து அனுப்புங்கள். அவர்களுக்கு அரை நிமிடம் போதும்.

எனக்கு முழு ஏலமும் வேண்டும், அப்பா.

உங்கள் மகள்
லிஜா