பின்சீட் துடைத்தல்: அரை மணி

1943 மார்ச் 9, செவ்வாய்

காலையிலேயே அனல். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் காவேரிப் பாலம் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். கோட்டெல்லாம் கரி. ஏரோடிரோம் போய்ச் சேர 8.40. போர்மன், ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரத் துரை, கடிகாரத்தைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

ஷெட்டுக்கு ஒரு விமானம் இழுத்து வந்திருக்கிறார்கள். கடல் பக்கம் காவலுக்குப் போனது. குண்டு பட்டு வால் சல்லடை. பின்சீட்டில் உட்கார்ந்து சுடுகிறவன் வழியிலேயே செத்துவிட்டானாம். உடலை எடுத்தாயிற்று. மற்றதெல்லாம் இரண்டு நாளாக வெயிலில் அப்படியே.

என் உத்தியோகம் இதுதான்: உடைசலைப் பார்த்து, எத்தனை தகடு, எத்தனை கெஜம் துணி, எத்தனை ஆள், எத்தனை மணி என்று எஸ்டிமேட் எழுதிக் கையெழுத்துப் போடுவது. சேர்ந்து இரண்டு மாதம். இன்னும் டெம்பரரி.

இன்று எழுதியது:
வால் தகடு – 14
இறக்கைத் துணி – 9 கெஜம்
ரிவெட் – 2 ஆள், 30 மணி
சில்லறை: பின்சீட் உள்ளே துடைத்தல் – 1 ஆள், அரை மணி

கடைசி வரியை ஏணியின் முதல் படியில் நின்றே எழுதினேன். நாற்றம் முகத்தில் அறைந்தது. ஈ. செத்தவன் தீட்டு வேறு. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எஸ்டிமேட் பாரத்தின் அடியில் 'நேரில் பரிசோதித்தேன்' என்று அச்சடித்திருக்கிறது. அதன் கீழே என் கையெழுத்து.

ரிவெட் அடிக்கிற ஷேக் தாவூத் இறக்கைமேல் உட்கார்ந்திருந்தார். "என்ன அய்யங்காரே, உள்ள பாக்கலியா?"

"பாத்தாச்சு."

"எப்ப? கனவுலயா?"

பாரத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கமலம் வாசலிலேயே நிறுத்தினாள். இறக்கைத் துணிக்குப் பூசுகிற வார்னிஷ் வாடை, அழுகின வாழைப்பழம் மாதிரி, உடம்பிலேயே ஊறிவிட்டது. "ஏன்னா, கள்ளுக்கடைக்குப் போனேளா? தீர்த்தமாடிட்டு உள்ள வாங்கோ." கொல்லைக் கிணற்றில் இரண்டு தடவை குளித்தேன். அப்படியும் இலையில் சாத்தமுது சாதத்தில் அதே வாடை. பாதியில் எழுந்துவிட்டேன்.

10, புதன்

துடைக்கிற வேலை பழனி தலையில். வையம்பட்டிக்காரன், ஷெட்டைக் கூட்டிக் கழுவுகிறவன். வேறு எவனும் ஏறமாட்டேன் என்றுவிட்டான். காலை எட்டுக்கு உள்ளே இறங்கினான். மத்தியானம் வெளியே வந்து வாந்தி எடுத்தான். திரும்ப ஏறினான். சாயங்காலம் ஐந்துக்கும் வாளி போய் வந்துகொண்டுதான் இருந்தது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

நிப்பு உடைந்தது. ஜங்ஷனில் சர்க்கரை இல்லை. ஒரு மணி க்யூவில் நின்றது வீண்.

11, வியாழன்

பழனி இன்றும் அதிலேதான். தரைத் தகட்டுக்கு அடியில், கம்பிகளுக்கு நடுவில் எல்லாம் இறங்கிக் காய்ந்துவிட்டதாம். தகட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டியிருக்கிறதாம். இரண்டு நாளும் சேர்த்து 15 மணி.

கமலத்துக்குத் தலைவலித் தைலம் வாங்க மறந்தேன்.

12, வெள்ளி

எழவு. போர்மன் ஒரு சீட்டை நீட்டினான். அரை மணி வேலைக்குப் பதினைந்து மணி ஏன்? பதில் இரண்டே இரண்டுதான் அச்சடித்திருக்கிறது: 'எஸ்டிமேட் தப்பு', 'ஆள் சோம்பேறி'. ஒன்றை அடித்துவிட்டு மற்றதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். முதலாவது என்றால் பார்க்காமல் எழுதியது வெளியே வரும், எனக்குச் சீட்டுக் கிழியும். இரண்டாவது என்றால் பழனிக்கு.

பழனி மேஜைக்கு எதிரே வந்து நின்றான். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"சாமி, நீங்க உள்ள வரலேன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னா எவன் நம்பப் போறான்? நீங்களே ஒரு வார்த்தை எழுதிடுங்க. ஊர்ல மழையில்ல. திரும்பிப் போனா ஒண்ணுமில்ல."

"பாக்கறேன் போ." மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னேன்.

13, சனி

'எஸ்டிமேட் தப்பு' என்பதை அடித்தேன். 'ஆள் சோம்பேறி'யின் கீழே கையெழுத்துப் போட்டேன். எழுத்து எப்போதும்போல நேராகவே விழுந்தது. த்தூ.

மத்தியானமே பழனியைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். தாவூத் என் மேஜையைத் தாண்டும்போது நின்றார். "பதினஞ்சு மணி நேரம் அந்தக் குழிக்குள்ள கெடந்தவன் சோம்பேறி. நல்லா இருங்க அய்யங்காரே. நல்லா இருங்க."

கேட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று இருந்தது. போகவில்லை.

14, ஞாயிறு

கமலம்: "பெருமாளைச் சேவிக்க வரலியா?" தலைவலி என்றேன். தலைவலி எல்லாம் இல்லை. மோர் சாதம்கூட இறங்கவில்லை. அவள் திரும்பி வந்து திருத்துழாய் இலை இரண்டு கொடுத்தாள். வாங்கக் கை நீட்டக் கூசியது.

15, திங்கள்

இன்னொரு விமானம். அதே ஜாதி, அதே பின்சீட், அதே கதி. துடைக்க ஆள் தேடினார்கள். எவனும் வரவில்லை. இந்தத் தடவை எஸ்டிமேட்டில் பதினைந்து மணி என்று எழுதிக்கொண்டு போர்மனிடம் போனேன்.

சிரித்தான். "அரை மணி வேலைன்னு ரெண்டு கையெழுத்துப் போட்டிருக்கே, மேன். அவன் சோம்பேறி, நீ இல்லியே? வாளி அங்கே இருக்கு."

ஷெட்டில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. ஒருத்தனும் நிமிரவில்லை. தாவூத் மட்டும் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். கோட்டைக் கழற்றினேன்.

உள்ளே இறங்கியது 10.05. கம்பிகளுக்கு நடுவே துணி போகாது, விரல்தான் போகும். தலைமயிர். சட்டைப் பொத்தான் ஒன்று, நூலோடு.

திரும்ப மணி பார்த்தபோது 10.35. உள்ளங்கை அகலம் சுத்தமாகியிருந்தது.