நன்றிக் குறிப்பால் வந்த மெமோ

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற எழுத்தர்,
ரயில் கால அட்டவணைப் பிரிவு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
மகப்பேறு மருத்துவமனை.

பொருள்: செவிலியருக்கு அளித்த மெமோவை ரத்து செய்யவும், அவரைப் போன்றோருக்கு மன ஆறுதலுக்கு வழி செய்யவும் வேண்டி மூன்றாம் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் இரண்டாம் தேதி என் மகளுக்குப் பெண் குழந்தை இறந்து பிறந்தது. செவிலியர் குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி எடுத்து வந்தார். என் மகள் கண்ணைத் திறக்கவில்லை. "மூக்கு அப்படியே உங்க மூக்குதான், பாருங்கம்மா" என்றார். அதன் பிறகுதான் பார்த்தாள். செவிலியரும் எங்களோடு அழுதார்.

2. கருத்துப் பதிவேட்டில் நன்றி எழுதினேன். நேரம் குறிக்காமல் எழுதிப் பழக்கமில்லை. "மாலை 4.10 முதல் 4.50 வரை உடன் அமர்ந்திருந்தார்" என்று எழுதிவிட்டேன். அந்த நாற்பது நிமிடம் பணியிடத்தில் இல்லாததற்கு விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

3. 4.50-க்கு அவர் ஓய்வுக்குப் போகவில்லை. அடுத்த அறைப் பிரசவத்துக்குப் போனார். அங்கே சிரித்த முகம் காட்ட வேண்டும். முகம் கழுவவே நேரமில்லை.

4. ஊழியர் விஷயத்தை ஊழியரே எழுத வேண்டும் என்று முதல் மனு திரும்பியது. இரண்டாவது, அவர்மீதான புகாராகவே பதிவாகிவிட்டது! திருத்தக் கேட்டேன். அலுவலக உதவியாளர், "நர்சுக்கு ஆறுதலா? நல்லா இருக்கே பெரியவரே! அவங்களுக்கெல்லாம் இது பழகிப்போச்சு" என்றார்.

5. பழகவில்லை, ஐயா. நேற்று செவிலியரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "உங்க மேல தப்பில்லப்பா. வீட்டுக்குப் போனா எம்புள்ள தூங்கினா மூச்சு வருதான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். யார்கிட்ட சொல்றது? இனிமே குழந்தைய குடுத்துட்டு வெளிய வந்துடப் போறேன்" என்றார்.

ஆகவே, மெமோவை ரத்து செய்யுங்கள்; அவர் விளக்கம் தர நாளை கடைசி நாள். விளக்கம் வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள். இத்தகைய பிரசவத்துக்குப் பின் அரை மணி நேரமாவது மாற்று ஆள் போடுங்கள். செவிலியர்கள் மனம்விட்டுப் பேச ஓர் ஆலோசகரும், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும் கொடுங்கள்.

இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனால் இன்று காலை ஆறாம் படுக்கைப் பெண்ணுக்கும் குழந்தை இறந்து பிறந்ததாம். செவிலியர் சொன்னபடியே குழந்தையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார் என்று வார்டு ஆயா சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் இப்போது உள்ளே தனியாக இருக்கிறாள். இன்றே உத்தரவிடுங்கள், ஐயா.

பணிவுடன்,
(ஒப்பம்)
குழந்தையின் தாத்தா

நாள்: 14, வியாழன்
இடம்: தங்கள் அறை வாசல் பெஞ்சு